கோர்ஸ் அண்ணன்

ஜொகூரின் தெப்ராவ் வட்டாரத்தில் தாமானுக்கு ஒருவர் என்ற கணக்கில் கோர்ஸ் அண்ணன்கள் இருக்கிறார்கள். டேசா தெப்ராவில் பார்த்திருக்கிறேன், மவுண்ட் ஆஸ்டினில் பார்த்திருக்கிறேன். உலு திராம் போகிற வழியில் ஒருவர் மோட்டார் டயருக்குக் காற்றடித்துக்கொண்டே காதில் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். அடையாளம் காண்பது சுலபம். வயது முப்பதுகளின் நடுவில். உடம்பில் சிங்கப்பூர் கம்பெனி ஒன்றின் பெயர் போட்ட டி-சட்டை. முதுகுப்பையில் மழைக்கோட்டு, பாஸ்போர்ட், செங்கல் கனத்தில் ஒரு புத்தகம். "என்ன வேலைண்ணே?" என்று கேட்டால் பார்க்கிற வேலையைச் சொல்லமாட்டார். "இப்போதைக்கு ஃபேக்டரிலதான் இருக்கேன். கோடிங் படிச்சிட்டு இருக்கேன்" என்பார். அந்த 'இப்போதைக்கு' தொடங்கியது கல்யாணத்துக்கு முன்பு. மூத்த மகள் இப்போது தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு.

படித்துக்கொண்டிருக்கிறார் என்பதில் பொய் கிடையாது. பைதான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், கோ, ரஸ்ட் என்று தொடங்காத மொழி இல்லை. எந்த நிரல்மொழியைத் தொட்டாலும் முதல் பாடம் திரையில் 'ஹலோ வேர்ல்ட்' என்று எழுத வைப்பது. கெர்னிகனும் ரிச்சியும் 1978-ல் எழுதிய சி மொழிப் புத்தகம் பரப்பிவிட்ட வழக்கம் அது. அண்ணன் இதுவரை ஒன்பது மொழிகளில் உலகத்துக்கு வணக்கம் வைத்துவிட்டார். வணக்கம் வைத்த பிறகு என்ன பேசுவது என்பதுதான் பிடிபடவில்லை.

இணையத்தில் கோர்ஸ் விற்கிற கடைகளில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடும். 85 விழுக்காடு தள்ளுபடி, இன்னும் மூன்று மணி நேரம்தான் என்று மிரட்டும். நாளைக்குப் போனாலும் அதே தள்ளுபடி, அதே மூன்று மணி நேரம். காலைச் சந்தையில் மீன்காரர் சொல்லும் விலையை நம்பாமல் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவர் அண்ணன். இந்தக் கடிகாரத்தை மட்டும் அப்படியே நம்பிவிடுவார். வாங்கி வைத்த வீடியோக்களை வரிசையாக ஓட்டினால், எல்லாம் முடிகிறபோது அவருக்கு ஐம்பத்தைந்து வயது ஆகியிருக்கும்.

புத்தகம் வாங்குவது தனி இலாகா. 2009-ல் நம் மலேசியாவில் தொடங்கிய பிக் பேட் வுல்ஃப் மலிவு விற்பனை ஜொகூருக்கு வந்தால் லீவு போட்டுவிட்டுப் போவார். அப்படி ஒருமுறை வாங்கி வந்த பைதான் புத்தகத்தைத் திறந்து, முதல் பக்கத்து முதல் வரியை எழுத்துப் பிசகாமல் தட்டினார். திரை பிழை காட்டியது. மறுபடி தட்டினார். மறுபடியும் பிழை. இரண்டு ராத்திரி தூங்கவில்லை. விஷயம் என்னவென்றால், புத்தகம் பேசியது பைதான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியே நின்றுபோயிற்று. பைதான் 3-இல் பிரிண்டுக்குப் பிறகு அடைப்புக்குறி போட்டே ஆக வேண்டும். இரண்டே இரண்டு அடைப்புக்குறிகள்! வேறு யாராவது என்றால் அதைப் போட்டுவிட்டு மேலே போயிருப்பார்கள். அண்ணன் வந்த முடிவு வேறு: "நமக்கு அடித்தளம் பத்தல."

அடித்தளம் தேடிப் புறப்பட்டவர் எங்கே போய் நின்றார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் முதலில் ஆசைப்பட்டது, சிங்கப்பூர் போகும் பாலத்தில் ஜாம் எத்தனை மணிக்குக் குறையும் என்று சொல்லும் ஒரு சின்ன ஆப். ஜாமைக் கணிக்க வேண்டுமென்றால் மெஷின் லேர்னிங் வேண்டும் என்றார்கள். ஆண்ட்ரூ இங் 2011-ல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து இலவசமாக நடத்தி, ஒரு லட்சம் பேருக்கு மேல் சேர்ந்த பாடம் பிறகு கோர்செராவுக்கு வந்தது. அதில் சேர்ந்தார். தொடக்கத்திலேயே மேட்ரிக்ஸ் எனும் அணிகள் வந்தன. உடனே எம்.ஐ.டி. போய் கில்பர்ட் ஸ்ட்ராங் நேரியல் இயற்கணிதம் நடத்தும் வீடியோக்களைப் பிடித்தார். 2023 வரை வகுப்பெடுத்த அந்தப் பெரியவர் கரும்பலகையில் சாக்கட்டி பிடித்து எழுதுவதைப் பார்த்தால் யாருக்கும் கணக்கு வந்துவிடும் போலத்தான் இருக்கும். அண்ணனுக்கும் வீடியோ ஓடுகிறவரை வந்தது. அங்கே ஏதோ ஒரு சமன்பாட்டில் பின்னத்தைச் சுருக்கும் இடத்தில் சறுக்கி, கான் அகாடமிக்கு இறங்கினார். அதில் வகுப்பு வகுப்பாகக் கீழே வந்து, கடைசியில் மகளின் கணிதப் பாடநூலைக் கையில் எடுத்தார்.

"அப்பா, அது நாங்க போன வாரமே முடிச்சிட்டோம்" என்றாள் மகள்.

இதற்கெல்லாம் காரணம் 2003 என்பது அண்ணனின் கட்சி. அந்த வருடம்தான் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. ஆறாம் ஆண்டு வரை தமிழில் கணக்குப் போட்டவர் இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் ஆங்கிலத்தில் போட வேண்டியதாயிற்று. "எங்க பேட்ச வச்சு டெஸ்ட் பண்ணிட்டாங்க லா!" இதில் நியாயம் உண்டு. ஆனால் அதே வகுப்பில் அதே ஆங்கிலத்தில் படித்து, கூடுதல் கணிதத்தில் தேறி, ஸ்கூடாய் யு.டி.எம்.முக்குப் போனவர்களும் இதே தாமானில்தான் இருக்கிறார்கள். அந்தப் பேச்சை எடுத்தால் அண்ணனுக்குத் தே தாரிக் ஆறிப்போய்விடும்.

நேரமில்லை என்றும் சொல்வார். ஷட்டல் தெப்ராவில் டிக்கெட் கிடைத்த நாளில் ரயிலிலேயே படிப்பார். 2015-லிருந்து ஜேபி சென்ட்ரலுக்கும் உட்லண்ட்ஸுக்கும் இடையே நீரிணையைத் தாண்டி ஓடும் அந்த ரயிலில் பயணம் ஐந்தே நிமிடம். பாடத்தை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினால் பத்து நிமிடப் பாடம் தேறும். போகும்போது கட்டணம் ஐந்து வெள்ளி, வரும்போது ஐந்து சிங்கப்பூர் வெள்ளி. "எண் மாறிலி, அலகுதான் மாறி" என்று அதற்கும் ஒரு கணக்கு விளக்கம் வைத்திருக்கிறார்.

முதுகில் சுமக்கும் அந்தச் செங்கல், டொனால்டு கனூத் எழுதும் 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' முதல் பாகம். கனூத் 1962-ல் எழுத ஆரம்பித்தார். முதல் பாகம் 1968-ல் வந்தது. ஏழு பாகம் என்று திட்டம். 2022-ல் வந்தது நான்காம் பாகத்தின் இரண்டாம் பகுதி. "எழுதுறவரே இன்னும் முடிக்கல, படிக்கிற நான் எதுக்கு அவசரப்படணும்?" என்று அண்ணன் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். புத்தகத்தில் பிழை கண்டுபிடித்தவர்களுக்கு கனூத் 2008 வரை 2 டாலர் 56 சென்ட் தந்துவந்தார். 256 என்பது பதினாறு அடிமான எண்முறையில் சரியாக நூறு. முன்னுரையில் பிழை எதுவும் இல்லை என்று அண்ணன் இதுவரை உறுதிசெய்திருக்கிறார்.

மடக்கினால் ராமானுஜனைக் கூப்பிடுவார். கும்பகோணத்தில் 1903 வாக்கில், பதினைந்து பதினாறு வயதில், கார் என்பவர் எழுதிய கணிதத் தொகுப்பு ஒன்று ராமானுஜன் கைக்கு வந்தது. சுமார் ஐயாயிரம் முடிவுகளை வரிசையாக அடுக்கிவிட்டு, நிரூபணத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்ட பரீட்சைப் புத்தகம். அதை வைத்துக்கொண்டு தானாகவே எழுந்து வந்தவர் அவர். "பாத்தீங்களா, காலேஜ் கூட வேணாம். ஒரே ஒரு புத்தகம்!" அந்த 'ஒரே ஒரு'வைச் சொல்கிற அண்ணன் வாய்க்கும் கேட்கிற அண்ணன் காதுக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. போதாததற்கு, ராமானுஜன் அந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கவும் இல்லை. கல்லூரி நூலகத்து இரவல். காகிதம் விலை என்பதால் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, மறுபடி போட்டார். அண்ணன் வீட்டில் நான்கு நோட்டுப் புத்தகங்கள் வெள்ளையாக இருக்கின்றன. பயிற்சிக் கணக்கு வரும் பக்கத்தை 'அப்புறம்' என்று மடித்து வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவதுதான் இவருடைய வியாதி. மற்றதெல்லாம் அதன் அறிகுறிகள்.

ஆனால் விளக்கச் சொன்னால் விளக்குவார். ஹார்வர்டின் சி.எஸ்.50 வகுப்பில் டேவிட் மாலன் டெலிபோன் டைரக்டரியை நடுவில் கிழித்து, பாதிப் பாதியாகத் தேடும் முறையைக் காட்டுவது பிரபலம். அதைப் பார்த்த மறுநாள் மாமாக் கடைக்கு வந்தார். கல்லாப் பக்கத்தில் கடன் எழுதும் 555 நோட்டு கிடந்தது. எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

"பாய், இதுல ஆயிரம் பக்கம் இருக்குன்னு வைங்க. நீங்க ஒவ்வொரு பக்கமா தேடுவீங்க. நான் பாதியா கிழிச்சு, மறுபடி பாதியா கிழிச்சு, பத்தே தடவைல ஆளப் புடிச்சிருவேன்."

பாய் ரொட்டி வீசுவதை நிறுத்தவில்லை. "கிழிங்கண்ணே. உங்க பேரு உள்ள பக்கத்த மட்டும் முதல்ல கிழிச்சு எங்கிட்ட குடுத்துருங்க."

இத்தனைக்கும் அண்ணனுக்குக் கணக்கு வராது என்று சொன்னால் அது அநியாயம். சிங்கப்பூரில் மாதச் சம்பளக்காரருக்கு ஒரு மணி நேரக் கூலி என்பது மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, 52 வாரத்தையும் 44 மணியையும் பெருக்கி வரும் 2288-ஆல் வகுப்பது. ஓ.டி. என்றால் அதில் ஒன்றரை மடங்கு. கூட வேலை செய்யும் பையன் "அண்ணே, அடிப்படை 2200, ஓ.டி. 20 மணி" என்றால், அண்ணன் கண்ணை ஒரு தடவை மேலே உருட்டிவிட்டுச் சொல்வார்: "மணிக்கு 17 வெள்ளி 31 காசு கிட்ட. மொத்தம் 346 வெள்ளி 15 காசு வரணும். சிலிப்ப பாரு." சிலிப்பில் அதுவேதான் இருக்கும்.

ஒரு நைட் ஷிஃப்ட் இடைவேளையில், ஆளாளுக்கு வந்து கேட்கிறார்களே என்ற எரிச்சலில் இதையே பைதானில் எழுதிவிட்டார். ஒன்பது வரி. சம்பளத்தையும் மணியையும் கேட்கும், தொகையைச் சொல்லும். மாதத்துக்கு ஓ.டி. உச்சவரம்பான 72 மணியைத் தாண்டினால் எச்சரிக்கும். எந்தக் கோர்ஸும் பார்க்காமல் எழுதியது, முதல் தடவையே ஓடியது. இன்று அந்த லைனில் பாதிப் பேர் கைப்பேசியில் அது இருக்கிறது. அவர் முழுசாக எழுதி முடித்த ஒரே நிரல் அதுதான். அதைப் பாராட்டினால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். "அதெல்லாம் சும்மாங்க. புரோகிராமிங்னா வேற."

போன வாரம் அந்தப் பையன் ஆசையாகக் கேட்டான். "அண்ணே, இத மாதிரி எழுத எனக்கும் சொல்லிக் குடுங்கண்ணே. அந்த ஒம்பது வரிய அனுப்புங்க, பாத்துக் கத்துக்கிறேன்."

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தம்பி, எடுத்ததும் அதுக்குப் போகக் கூடாது. மொதல்ல அடித்தளம். லிங்க் அனுப்புறேன், 85 விழுக்காடு கழிவு. சீக்கிரம் வாங்கிடு, இன்னும் மூணு மணி நேரந்தான் இருக்கு."