குறி கேளாமல் பெருக்கலும் அதனால் விளையும் சேதமும்: ஓர் ஆராய்ச்சி

பின்னக் கோட்டுக்குக் கீழே எக்ஸ் இருக்கக் கண்டதும், அதைத் தூக்கி எதிர்ப்பக்கம் போட்டுவிட மாணவரின் கை துடிப்பது ஏன்? விடைத்தாள் திருத்துவோர் ஆண்டுதோறும் கண்டு, சிவப்பு மையால் சுழித்து, மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடும் இந்நிகழ்வை உரிய மரியாதையோடு ஆராய்ந்தவர் இலர். அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது. ஆய்வுக்கு நிதியுதவி கிடைக்கவில்லை, கேட்கவும் இல்லை.

முதலில் எல்லை. சமன்பாடு நம் ஆய்வில் அடங்காது. அங்கே பகுதியில் எக்ஸ் இருந்தால் பெருக்கிக்கொள்ளலாம். அது பூச்சியமாகாத வரை எவருக்கும் நட்டமில்லை. நம் பொருள் அசமன்பாடு மட்டுமே.

நோயின் மூலம் நடுநிலைப் பள்ளியில் இருக்கிறது. "பிளஸ் அந்தப் பக்கம் போனா மைனஸ், வகுத்தல் அந்தப் பக்கம் போனா பெருக்கல்" என்னும் வாய்மொழிச் சூத்திரம், இயற்றியவர் பெயர் தெரியாமல், டியூஷன் திண்ணைகள்தோறும் பாடபேதமின்றி வழங்கிவருகிறது. அசமன்பாடு வரும்போது இதற்கு ஒரு பின்னிணைப்பும் சேரும்: மைனஸால் பெருக்கினால் குறியைத் திருப்ப வேண்டும். 3 என்பது 5-ஐவிடச் சிறிது; ஆனால் −3 என்பது −5-ஐவிடப் பெரிது. இதை அறியாத மாணவர் இலர்.

அற்றேல், அறிந்தும் ஏன் தவறுகிறார் எனின், எக்ஸுக்கு முன்னால் மைனஸ் எழுதியிருக்கவில்லை என்பதே காரணம். எழுதாத மைனஸுக்காகக் குறியை எப்படித் திருப்புவது? வெறுமனே நிற்கும் எக்ஸைப் பிளஸ் என்று நம்புவதும், −எக்ஸ் என்று கண்டால் அது குறை எண்ணேதான் என்று சாதிப்பதும் ஒரே நம்பிக்கையின் இரு கிளைகள். எக்ஸ் தன் குறியை வெளியே எழுதி வைப்பதில்லை. கீழ்வீட்டில் குடியிருப்பவர் எப்படிப்பட்டவர் என்று விசாரிக்காமல் மாடியை இடித்துக் கட்டத் தொடங்குவது போன்றது இந்தப் பெருக்கல்.

இனிச் சேத மதிப்பீடு. முதல் வழக்கு: 1/எக்ஸ் < 2. எக்ஸை அந்தப் பக்கம் அனுப்பினால் 1 < 2எக்ஸ். எனவே எக்ஸ் > 1/2. இரண்டே வரி. கையெழுத்தும் அழகாக இருக்கும். ஆனால் −5-ஐ இட்டுப் பாருங்கள். மைனஸ் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது −0.2, இரண்டைவிடச் சிறிதுதானே? −5 மட்டுமல்ல, குறை எண்கள் அத்தனையும் இந்நிபந்தனையை நிறைவு செய்கின்றன. எக்ஸ் < 0 என்ற பாதி எண்கோடு முழுவதும், ஒரு நோட்டீஸும் இல்லாமல், விடையிலிருந்து வெளியேற்றப்பட்டிருக்கிறது. மூன்று மணி நேரத் தேர்வில் அரை நிமிடத்தில் முடிவிலியை நட்டப்படுத்த வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

இது பறிக்கும் குற்றம் என்றால், வாரி வழங்கும் குற்றமும் உண்டு. இரண்டாம் வழக்கு: (எக்ஸ் + 3)/(எக்ஸ் − 2) ≥ 4. குறி கேளாமல் பெருக்கினால் எக்ஸ் + 3 ≥ 4எக்ஸ் − 8. ஆகவே எக்ஸ் ≤ 11/3. இவ்விடையை நம்பி 0-வை இட்டால் இடப்பக்கம் −1.5 வருகிறது. அது நான்குக்கு மேலா? உண்மையில் தகுதியுள்ளவை 2-க்கு மேல் 11/3 வரை உள்ள எண்கள் மட்டுமே. மற்றவை போலிச் சான்றிதழோடு உள்ளே நுழைந்தவை. அவற்றுள் 2-ம் இருக்கிறது என்பதுதான் கொடுமை. அதை இட்டால் பகுதி பூச்சியமாகிவிடும்.

பகுதியில் பூச்சியம் வந்தால் என்ன ஆகும் என்பதில் பெரியோர்களே ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. 628-இல் பிரம்மகுப்தர் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியமே என்றார். ஒன்பதாம் நூற்றாண்டில் மகாவீரர், பூச்சியத்தால் வகுத்தால் எண் மாறாது என்றார். 1150-இல் இரண்டாம் பாஸ்கரர் அதை முடிவற்ற அளவாகக் கொண்டார். இன்றைய பள்ளிக் கணிதமோ "வரையறுக்கப்படவில்லை" என்று கையை விரித்துவிட்டது. மாணவருக்கு மிகவும் பிடித்தது மகாவீரர் கொள்கையாகத்தான் இருக்கும் என்பது எம் ஊகம்.

குறை எண்ணை மறக்கும் இப்பழக்கத்துக்கு வரலாற்றுப் பரம்பரையும் உண்டு. < , > என்னும் குறிகள் முதன்முதலில் அச்சேறியது தாமஸ் ஹாரியட்டின் இயற்கணித நூலில். அவர் 1621-இல் காலமானார். நூல் 1631-இல் வெளிவந்தது. அச்சான அந்நூல் சமன்பாடுகளின் குறைத் தீர்வுகளைக் கண்டுகொள்ளவில்லை. ஹாரியட்டின் கையெழுத்துப் படிகளில் அவை இருந்தன, பதிப்பித்தவர்கள் விட்டுவிட்டார்கள். ஆக, அசமன்பாட்டுக் குறி பிறந்த வீட்டிலேயே குறை எண்ணுக்கு இலை போடவில்லை. மதிப்பெண் இழந்த மாணவர் இவ்வாதத்தைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம், பலன் இருக்காது.

பரிகாரம் கூறுவோர் பல மரபினர். இரண்டாம் வழக்கையே எடுத்துக்கொண்டால், எக்ஸ் − 2 நேரானால் என்ன, குறையானால் என்ன என்று இரண்டு முறை கணக்குப் போடுவோர் ஒரு சாரார். நேர்மையானவர்கள், தாள் அதிகம் செலவழிப்பவர்கள். இரண்டாம் பிரிவில் கிடைத்த விடையைத் தொடக்கத்தில் தாமே போட்ட நிபந்தனையோடு ஒத்துப்பார்க்க மறப்பது இவர்களின் குலத்தொழில்.

வர்க்க மரபினர் சாமர்த்தியசாலிகள். எக்ஸ் − 2-இன் குறி தெரியாது, ஆனால் அதன் வர்க்கம் குறையாகாது. ஆகவே அதனால் பெருக்கிவிடு என்பர். (எக்ஸ் − 2)(11 − 3எக்ஸ்) ≥ 0 என்று நேர்த்தியாக முடியும். ஆனால் பகுதியே மறைந்துவிட்டதால், வாசலில் தடுத்து நிறுத்திய 2, கொல்லைப்புறமாக உள்ளே வந்து விடையில் உட்கார்ந்துவிடும். அதை நினைவாக வெளியே அனுப்ப வேண்டும்.

பாடநூல் மரபு எல்லாவற்றையும் இடப்பக்கம் கொண்டுவந்து வலப்பக்கம் பூச்சியத்தை வைக்கச் சொல்கிறது: (11 − 3எக்ஸ்)/(எக்ஸ் − 2) ≥ 0. பிறகு தொகுதி பூச்சியமாகும் 11/3, பகுதி பூச்சியமாகும் 2 ஆகிய இரண்டையும் எண்கோட்டில் குறித்து, ஒவ்வொரு இடைவெளியிலும் ஓர் எண்ணை இட்டு, பிளஸா மைனஸா என்று பார்ப்பது. மெதுவான வழி, ஆனால் எவரையும் நம்பாத வழி. எம் வாக்கு இதற்கே.

ஜேஇஇ பயிற்சி மையங்களின் அலைவளைவு மரபு வேறு ரகம். அங்கே யோசிப்பதில்லை, வரைவதுதான். ஒவ்வொரு காரணியிலும் எக்ஸின் கெழுவை நேராக்கிக்கொண்டு, வலக்கோடியில் கோட்டுக்கு மேலே தொடங்கி, ஒவ்வொரு புள்ளியிலும் கோட்டைக் கடந்து பாம்புபோல் இடப்பக்கம் நெளிந்து வர வேண்டும். பத்து விநாடியில் விடை. இரட்டைப்படை அடுக்கு வந்தால்தான் பாம்பு சிக்கும். (எக்ஸ் − 1)(எக்ஸ் − 4)²/(எக்ஸ் + 2) ≤ 0 என்பதில் 4-ஐத் தொட்ட அலை கோட்டைக் கடக்காமல் வந்த வழியே திரும்ப வேண்டும். பழக்க தோஷத்தில் கடந்துவிட்டால் விடை தலைகீழ். சரியாக வரைந்தாலும், −2-க்கு மேல் 1 வரை என்று எழுதிவிட்டு, தனியாக நிற்கும் 4-ஐ மறப்போர் உண்டு. அக்கம்பக்கத்தில் ஒருவரும் தேறாத இடத்தில் 4 மட்டும் பூச்சியம் வாங்கித் தேறியிருக்கிறது. பூச்சியம் வாங்கித் தேறும் வேறு தேர்வு எதுவும் எமக்குத் தெரியவில்லை.

விடையை இடைவெளியாக எழுதும்போது இடும் அடைப்புக்குறி பற்றி ஒரு சொல். அசமன்பாட்டுக் குறிக்கு அடியில் சமக்குறியையும் சேர்த்து எழுதும் வழக்கத்தைத் தொடங்கியவர் பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே, 1734-இல். அந்த அடிக்கோட்டைக் கண்டவுடன் இரு முனைக்கும் சதுர அடைப்பு போடுவது பரவலான தாராள குணம். இரண்டாம் வழக்கின் விடையில் 11/3-க்குச் சதுரம் தகும். 2-க்கு வளைவுதான், எத்தனை அடிக்கோடு போட்டாலும்.

கடைசியாக ஓர் எதிர்வாதம். நடைமுறையில் குறி கேட்க வேண்டியதே இல்லை என்பர் சிலர். கல்யாணப் பத்திரிகை அச்சிட நிலையான செலவு 2,000 ரூபாய், பத்திரிகை ஒன்றுக்கு மேற்கொண்டு 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தலா 12 ரூபாய்க்கு மேல் போகாமலிருக்க எத்தனை அடிக்க வேண்டும்? (2000 + 8எக்ஸ்)/எக்ஸ் ≤ 12. கண்ணை மூடிப் பெருக்கினால் எக்ஸ் ≥ 500. சரியான விடை. பத்திரிகையின் எண்ணிக்கை குறையாக முடியாதே.

ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் முறைப்படி செய்த பாடநூல் மரபினருக்கு எக்ஸ் < 0 என்ற இன்னொரு விடையும் கிடைக்கும் என்பதைப் பதிவு செய்கிறோம். மைனஸ் 100 பத்திரிகைக்கு ஆர்டர் கொடுத்தால் மொத்தச் செலவு 1,200 ரூபாய்தான். தலா மைனஸ் 12 ரூபாய் விழுகிறது. 500 அடிப்பதைவிட மலிவு. எந்த அச்சகத்திலும் இதை இன்னும் கேட்டுப் பார்க்கவில்லை.