இடம் எங்கே போச்சு?

கேள்வி: டெவ்ஆப்ஸ் வேலைக்கான நேர்காணலுக்கு எதைப் படிப்பது? டாக்கர், குபர்நெட்டிஸ், ஜென்கின்ஸ், டெர்ராஃபார்ம் என்று பட்டியல் அனுமார் வாலாக நீள்கிறதே!

பதில்: வாலை விட்டுத் தலையைப் பிடிக்க வேண்டும். தலை, லினக்ஸ். 2013இல் வந்த டாக்கரும் 2014இல் வந்த குபர்நெட்டிஸும் ஓடவிடும் கன்டெய்னர்கள், லினக்ஸ் கெர்னலின் நேம்ஸ்பேஸ், சிகுரூப் வசதிகள் மீதுதான் நிற்கின்றன. கட்டளைகளை மட்டும் மனப்பாடம் செய்தவர் முதல் 'ஏன்?' கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்.

கேட்பவர்களுக்குச் சலிக்காத புதிர் ஒன்று உண்டு. டிஸ்க் நிரம்பிவிட்டது என்கிறது டிஎஃப் கட்டளை. டியூ கட்டளை போட்டுக் கோப்புகளைக் கூட்டினால் பாதிகூடத் தேறவில்லை. மீதி எங்கே? யாரோ பெரிய லாக் கோப்பை அழித்திருப்பார்கள். அதைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பெயர் போகும், இடம் போகாது. எல்எஸ்ஓஎஃப் கட்டளையால் அந்தப் புரோகிராமைக் கண்டுபிடித்து ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பிவிடும். 'சர்வரையே ரீபூட் செய்வேன்' என்ற பதிலும் வேலை செய்யும்; வேலைதான் கிடைக்காது.

அடுத்தது, கன்டெய்னர் 137 என்ற எண்ணோடு சாவது. 128உடன் சிக்னல் 9 சேர்ந்தால் 137. பெரும்பாலும் மெமரி வரம்பு மீறியதற்குக் கெர்னல் தந்த மரண தண்டனை. வரம்பை உயர்த்தும் முன், மெமரி ஏன் ஏறியது என்று துருவுபவரே தேறுவார்.

ஜென்கின்ஸா கிட்லேபா என்பதெல்லாம் சில்லறை விவகாரம். ரெஸ்யூமேயில் பெயரளவுக்குச் சேர்த்த கருவிகளை முந்தைய இரவே நீக்கிவிடுவது உத்தமம். கேள்வி அங்கிருந்துதான் தொடங்கும்.