பைல் அண்ணை

நாயாற்றில் மட்டுமில்லை, வன்னிக் கரையில் எந்த ஊருக்குப் போனாலும் இவரைக் காணலாம். கக்கத்தில் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் பைல். இடம்பெயர்வில் வள்ளம் போனது, வலை போனது, கூரைத் தகரமும் போனது. பை மட்டும் போகவில்லை. பிறப்புச் சான்றிதழ், மீள்குடியேற்றப் பதிவு, மீனவர் சங்கத் துண்டு, கரண்ட் பில் என்று எதைக் கேட்டாலும் கையை விட்டு எடுப்பார். தேநீர் குடிக்கும்போதும் பையைக் கீழே வைக்கமாட்டார்.

ஊரில் யாருக்காவது வெளிநாட்டுக் காசு வந்தால், முல்லைத்தீவு வங்கிக்குத் துணை இவர்தான். 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டத்தைத் தேவாரம் போல ஒப்புவிப்பார். “பத்து லட்சம் காசாய்க் கட்டினால் மத்திய வங்கியின்ர உளவறியிற பிரிவுக்கு அறிக்கை போகும் தம்பி, கவனம்” என்பார். பத்து லட்சத்தை அவரும் கண்டதில்லை, தம்பியும் கண்டதில்லை. கவனம் மட்டும் இருவருக்கும் உண்டு.

வங்கியில் அவரை மறிப்பது அவருடைய பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் சின்னத்துரை, அடையாள அட்டையில் சின்னத்தொரை, பாஸ்புத்தகத்தில் ஆங்கிலத்தில் வேறொருவர். மூவரும் ஒருவரே என்று சமாதான நீதவானிடம் முடித்த சத்தியக்கடதாசியும் பைலில் இருக்கிறது. அதில் முதலெழுத்து பிழை.

லண்டன் மருமகன் ஒருநாள் தொலைபேசியில் சொன்ன செய்தியில் அண்ணைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அங்கே ஓவியப் படம் விற்கிறவர்கள், பத்தாயிரம் யூரோவோ அதற்கு மேலோ என்றால், வாங்குபவர் யாரென்று விசாரித்தே ஆகவேண்டுமாம். 2020 ஜனவரி 10 முதல்தான் அந்தச் சட்டம். பிபிசி தொலைக்காட்சியில் பழம்பொருள்களுக்கு விலை சொல்லிப் பேரெடுத்த ஒச்சுக்கோ ஒஜிரி, ஹிஸ்புல்லாவுக்குக் காசு கொடுப்பதாகச் சந்தேகிக்கப்பட்டவருக்குப் படம் விற்றதை அறிவிக்காததால், 2025 ஜூனில் இரண்டரை வருடச் சிறை வாங்கினார். “பாத்தியே, அவை இப்பதான் கொப்பி கேக்கத் துவங்கியிருக்கினம். நாங்கள் எந்தக் காலத்தில குடுத்தனாங்கள்!”

நான் ஶ்ரீபுரந்தான் நடராசரின் கதையைச் சொன்னேன். அரியலூர் மாவட்டத்துக் கோயிலில் களவுபோன சிலை அது. 2008இல் கன்பராவின் தேசிய அருங்கலையகம் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூரிடம் 51 லட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கியது. சிலை எப்போதோ முறைப்படி இந்தியாவை விட்டு வந்ததாகக் கடதாசி இருந்தது, அத்தனையும் போலி. 2014இல்தான் திரும்பி வந்தார் நடராசர். அண்ணை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “கடதாசியில முதலெழுத்துச் சரியாய் இருந்திருக்கும்” என்றார்.

இந்தச் சட்டமெல்லாம் கறுப்புக் காசை வெள்ளையாக்குவதைத் தடுக்கத்தான். உண்மையில் நாயாற்றில் அதற்கு வழியே இல்லை. யாருக்கு எங்கிருந்து எவ்வளவு வந்தது என்பது வங்கிக்கு முன்னமே பக்கத்து வளவு அக்காவுக்குத் தெரியும். அவவிடம் கேட்டால் படிவமே தேவையில்லை.

ஆனால் படிவம் இருக்கிறதே. போனமுறை வங்கிப் பிள்ளை வாசித்துக் கேட்டாள்: “ஐயா, உங்களுக்கோ உங்கட சொந்தக்காரருக்கோ அரசியலில பெரிய பதவியில இருக்கிறவையோடு தொடர்பு இருக்கோ?”

அண்ணை பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தார். “எலெக்சனுக்கு எலெக்சன் எங்கட வாடிக்கு வந்து எல்லாரும் கைகுடுத்தவை பிள்ளை. அதுவும் எழுத வேணுமோ?”