'நமக்குள்ள இருக்கட்டும்': மந்தணவியலுக்கு ஒரு முன்னுரை

மேலதிகாரி தன் கீழுள்ளவரிடம் சொல்லும் ரகசியம் பற்றித் தமிழில் முறையான ஆய்வு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. ஆய்ந்தவர்கள் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். இருபத்திரண்டு ஆண்டுக் குமாஸ்தா அனுபவத்தை மூலதனமாக்கி அக்குறையைப் போக்க முனைகிறேன்.

ஆட்சித்தமிழில் இதற்கு 'மந்தணம்' என்று பெயர். உறையின் தலையில் சிவப்பு மையில் இச்சொல் விழுந்துவிட்டால், சாதாரண உறையை ஏறிட்டும் பார்க்காதவர்கள்கூட அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார்கள். வாய்மொழி மந்தணத்துக்கு முத்திரை வேறு: "நமக்குள்ள இருக்கட்டும்." இந்த 'நமக்குள்ள' எத்தனை பேர் என்பதுதான் இத்துறையின் தீராச் சிக்கல்.

அகப்பொருள் இலக்கணக்காரர்கள் காதலர் பற்றிய ஊர்ப்பேச்சை இரண்டாகப் பிரித்தார்கள். சிலர் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல். ஊரறியப் பேசுவது அலர். எங்கள் அலுவலகத்தில் அம்பலின் ஆயுள், கண்காணிப்பாளர் அறையிலிருந்து டீக்கடைக்கு நடக்கும் நேரம்.

சட்டமும் உதவாது. 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் ஒற்றர்களுக்குப் பயந்ததே தவிர, தபேதாரை நினைத்துப் பார்க்கவில்லை. 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டால் 30 நாளுக்குள் பதில் வரவேண்டும். தபேதாருக்கு ஒரு டீ, ஒரு வடை. வடை ஆறுவதற்குள் பதில்.

இனிக் கள ஆய்வு. சென்ற மே மாதம் கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். திறந்திருந்த கோப்பை மூடினார். (மேசைக்கு இந்தப் பக்கம் நின்றே வயதானவர்களுக்குத் தலைகீழ் எழுத்து தண்ணீர் பட்ட பாடு. அன்று கண்ணாடி எடுத்துப்போகாதது என் தவறு.) குரலைத் தாழ்த்தினார்: "உங்க எதிர் சீட்டுக்காரருக்கு ராமநாதபுரம். லிஸ்ட் ரெடி. உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன், நமக்குள்ள இருக்கட்டும்."

தண்ணியில்லாக் காடு! (ராமநாதபுரத்துக்காரர்கள் பொறுத்தருள்க.) காத்தேன். ரகசியம் காப்பவனின் அறிகுறிகளை என்னிடமே குறித்துக்கொண்டேன்: ஒன்றுமில்லாத இழுப்பறையை இரண்டு முறை பூட்டினேன். எதிர் சீட்டுக்காரர் புதுவீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்ததைச் சொன்னபோது, நன்றாக இருந்த ஸ்டேப்ளரைப் பழுதுபார்க்கத் தொடங்கினேன். வீட்டில்கூட மூச்சு விடவில்லை.

அவரோ அந்த நாட்களில் வழக்கத்துக்கு மீறிய அன்பாக இருந்தார். டீக்குக் காசு கொடுக்க விடவில்லை. என் மகளின் பிளஸ் ஒன் சேர்க்கை பற்றி விசாரித்துவிட்டு, நான் பதில் சொல்லும் முன்பே எழுந்து பாத்ரூம் பக்கம் போனார். விவரம் தெரியாத மனுஷன் இப்படிப் பாசம் காட்டுகிறாரே என்று எனக்குத் தொண்டை அடைத்தது.

பத்தாம் நாள் ஆணை வந்தது. வரிசை எண் 4, அவர், ராமநாதபுரம். வரிசை எண் 5, நான், கூடலூர். ஆணையைப் படித்துவிட்டு இருவரும் ஒரே நேரத்தில் கண்காணிப்பாளர் அறையைத் திரும்பிப் பார்த்தோம். கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ இருந்தார்கள்.

டீ 12 ரூபாய். ஒன்பது நாளுக்கு 108 ரூபாய் அவருக்கு நான் தரவேண்டும்.