டிரம்பெட் ஊதிய சாக்லேட்

கே: இந்திப் படங்களுக்கு வாசித்த சிக் சாக்லேட் யார்? மிட்டாய்க் கடைப் பெயர் மாதிரி இருக்கிறதே!
(வாசகர், செம்பாக்கம்)

ப: பெயர்தான் இனிப்பு, டிரம்பெட்டை எடுத்தால் காரம்! இயற்பெயர் அன்டோனியோ சேவியர் வாஸ். 1916-ல் கோவாவின் அல்டோனாவில் பிறந்தவர். அமெரிக்காவின் ஸ்விங் இசை பம்பாய் ஹோட்டல்களை ஆட வைத்த காலத்தில், சொந்த பேண்ட் நடத்தி, அமெரிக்க டிரம்பெட் மேதைக்கு ஒப்பாக 'இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்' என்று பெயர் வாங்கினார்.

கே: ஸ்விங் பேண்ட் என்றால், தாம்பரம் – வேளச்சேரி சாலையில் கல்யாண ஊர்வலத்தில் போகிறதே, அதுவா?

ப: பித்தளை மட்டும்தான் பொது. இதில் டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் எல்லாம் அணி அணியாக உட்காரும். ஓர் அணி கேட்கும், இன்னோர் அணி பதில் சொல்லும். நடுவே ஒருவர் எழுந்து, அந்த நிமிஷம் தோன்றியதை வாசிப்பார். கல்பனாஸ்வரம் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமே இல்லை.

கே: சினிமாவில் அவருக்கு என்ன வேலை?

ப: இசையமைப்பாளர் சி. ராமச்சந்திராவுக்கு வலக்கை. மெட்டு பிறந்தால் போதுமா? எந்த வாத்தியம் எந்த இடத்தில் எதை வாசிக்க வேண்டும் என்று தாளில் எழுத வேண்டாமா? அந்த ஸ்டாஃப் நொட்டேஷன், சர்ச் பள்ளிகளில் சிறுவயதிலேயே இசை படித்த கோவாக்காரர்களுக்குக் கைவந்த கலை. 'அல்பேலா' (1951) படத்தில் சாக்லேட் தன் பேண்டோடு திரையிலும் வருகிறார். அது அபூர்வம். அவரைப் போல் உழைத்தவர்களில் பெரும்பாலோருக்கு டைட்டிலில் பெயர்கூடப் போடவில்லை. நாம் முணுமுணுக்கும் பழைய பாட்டுகளில் பாதி அழகு அவர்கள் எழுதிய இடையிசையில்தான் இருக்கிறது. அவர்கள் பெயரை மறைத்தது பெரிய அநியாயம்.

கே: அதெல்லாம் பம்பாய்க் கதை. தமிழுக்கு என்ன சம்பந்தம்?

ப: அந்த ராமச்சந்திரா இசையமைப்பாளராக அறிமுகமானதே 'ஜெயக்கொடி', 'வனமோகினி' என்ற தமிழ்ப் படங்களில்தான்! நம் ஊரிலும் மேற்கத்திய இசையைச் சொல்லிக்கொடுத்தவர்கள் திரைக்குப் பின்னால்தான் இருந்தார்கள். இளையராஜாவுக்குக் கற்றுத்தந்த தன்ராஜ் மாஸ்டரை எத்தனை பேருக்குத் தெரியும்?

கே: எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

ப: 'அல்பேலா' பாடல்களிலிருந்து. முதல் தடவை பாடுபவரைக் கேளுங்கள். இரண்டாம் தடவை பித்தளையை மட்டும் கேளுங்கள். சாக்லேட் 1967-ல், ஐம்பதைத் தொட்ட கையோடு போய்விட்டார். உங்களுக்குப் பக்கத்தில்தானே பல்லாவரமும் பரங்கிமலையும்? அங்கே நடன பேண்டில் வாசித்த ஆங்கிலோ இந்தியப் பெரியவர் யாராவது இருந்தால், போய் உட்கார்ந்து பேசுங்கள். கூட வாசித்தவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள்.