காலு எங்கடா பேராண்டி?

ஏன்டா, மூஞ்சில விஆர் டப்பாவ மாட்டிக்கினு நடுவூட்டுல குதிக்கிறியே, உள்ள உனக்குக் காலே இல்லையாமே? உன் தங்கச்சிதான் சொன்னா. தலையும் ரெண்டு கையும் மட்டும்தான் அந்த டப்பாவுக்குத் தெரியுமாம், மத்ததெல்லாம் குத்துமதிப்பாம். நம்ம கழனி வரைக்கும் நடக்காத காலு, அங்க இல்லாட்டி உனக்குத் தூக்கம் வரலையா!

சரி, காலசைவப் புடிக்கிற டிராக்கர வாங்கறதுன்னு ஆயிடுச்சு. 2014ல வந்த கோச்சடையானுக்கு, ரஜினியோட உடம்பு அசைவப் புடிக்க லண்டன் வரைக்கும் போனாங்க. உனக்கு நடுவூடே போதும்.

இதுல முக்கியமா ரெண்டு ரகம். ஒண்ணு, மூலையில பெட்டி மாட்டற விவ் டிராக்கர் ரகம். பெட்டி கண்ணுக்குத் தெரியாத லேசர வீசும். இடுப்புலயும் பாதத்துலயும் கட்டின டிராக்கர் அத வாங்கித் தன் இடத்தக் கணக்குப் போடும். நல்லாப் புடிக்கும், உங்கப்பன் காசையும் நல்லாப் புடிக்கும். பெட்டி ரெண்டையும் எதிரெதிர் மூலையில, தலைக்கு மேல, கீழ பாத்தாப்ல சாய்ச்சு, ஆடாம அடி. உங்கம்மாவோட கண்ணாடி வெச்ச பீரோ மேல என் வேட்டியப் போத்திடு. இல்லன்னா வெளிச்சம் பட்டுத் திரும்பி, உன் காலு ஒண்ணு கூரையில நிக்கும்.

இன்னொண்ணு பெட்டியே வேணாங்கற ரகம். ஸ்லைம்விஆர், அப்புறம் சோனிக்காரன் 2023ல ஜப்பான்ல விட்ட மோகோபி. மோகோபில ஆறு வில்லை, ஒவ்வொண்ணும் 8 கிராம். எவ்ளோ சாயுற, திரும்பறன்னு உள்ள இருக்கிற சில்லு எண்ணிக்கினே இருக்கும். எண்ண எண்ணக் கணக்கு தப்பும். நீ நேரா நிப்ப, டப்பாவுக்குள்ள இருக்கிற உன் பொம்மை கோணிக்கினு நிக்கும். வெக்கப்படாம விறைப்பா நின்னு ரீசெட் பண்ணு. காந்தத்த நம்பித் திசை பாக்கறதா இருந்தா இரும்புக் கட்டில் பக்கம் போவாத.

வாங்கறது பெருசில்ல, கட்டறதுலதான் வித்தை. கூத்துக்காரன் புஜத்துலயும் மாருலயும் கட்டை நகைய மாட்டி, கால்ல சலங்கையக் கட்டிக்கினு விடிய விடிய ஆடறான். சலங்கைக்கு அடியில துணி சுத்தாம கட்டுவானா? புஞ்சரசந்தாங்கல் கட்டைக்கூத்துச் சங்கத்துல போய்ப் பாரு, 1990லேர்ந்து இருக்குது. ஆசப்பட்டு அந்தக் கட்டைய மட்டும் மாட்டிக்காத, அதுல பதிச்ச கண்ணாடித் துண்டுக்கு உன் லேசர் பைத்தியமாயிடும்.

பட்டை அகலமா இருக்கட்டும். ஒல்லி எலாஸ்டிக்கு சதையக் கவ்வி, கால் மரத்துடும். ஒரு வெரல் நுழையற அளவுக்கு இறுக்கு. இடுப்புக்கானதத் தொப்பை மேல கட்டினா, நீ சிரிக்கறப்பெல்லாம் பொம்மை இடுப்பாட்டும்; எலும்பு மேல கட்டு. தொடைப் பட்டை வழுக்கி முட்டிக்கு வரும், உள்பக்கம் ரப்பர் ஒட்டினதாப் பாத்து வாங்கு. கத்திரி வெயில்ல வெறுந்தோல்ல கட்டி வேர்க்குருவோட வந்து நிக்காத, பவுடர் போட நான் ஆளில்ல.

அப்புறம் அந்த மென்பொருள் உன் உயரம் கேக்கும். பொண்ணு பாக்கப் போறப்ப சொல்றியே, அந்த உயரத்தச் சொல்லாத. ரெண்டு இஞ்சு கூட்டினா, நீ நேரா நின்னாலும் பொம்மை முட்டிய மடக்கிக்கினு நிக்கும். பொய்ய அது மட்டும்தான் கண்டுபுடிக்குது.

எல்லாம் ஆனதும் நம்ம சுந்தர வரதராஜப் பெருமாள நெனச்சுக்கோ. கோயில்ல கீழ்த்தளத்துல நிக்கிறாரு, நடுவுல உக்காந்திருக்காரு, மேல படுத்திருக்காரு. மூணயும் நீயும் செஞ்சு பாரு. மூணாவது உனக்குச் சொல்லிக் குடுக்கணுமா! ஆனா போர்வையப் போத்திக்கினா பெட்டி ரகத்துக்கு உன் இடுப்பு தெரியாது.

இன்னா பாக்கற? களத்துமேட்டுலேர்ந்து உங்க ஆயா வர்றதுக்குள்ள எனக்கும் ஒரு வாட்டி கட்டிவுடு. உயரம் ஆறடின்னு போடு. முட்டி மடங்கினா மடங்கட்டும், அங்க அது வலிக்கவா போவுது?