மாடித்தோட்டம்

மாடித்தோட்டம் என்பது கிலோ 30 ரூபாய் விற்கும் தக்காளியை 5,000 ரூபாய் செலவில் மிச்சம் பிடிக்கும் முறை. இதற்கு வெறும் மண் ஆகாது. தென்னை நார்க் கழிவை அலசி, மண்புழு உரம் சேர்த்துப் பையில் நிரப்ப வேண்டும். தமிழ்நாட்டுத் தோட்டக்கலைத் துறை பையையும் நார்க் கழிவையும் தொகுப்பாகவே மானிய விலையில் தருகிறது. அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘தளை’. அகராதியில் தளை என்றால் விலங்கு. துறையின் நேர்மை பாராட்டுக்குரியது.

விதைத்த பிறகு குடும்பம் வெளியூர் போவதில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால், செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்பதே தக்க பதில். வெண்டையில் மாவுப்பூச்சி கண்டால் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து, இலை இலையாகத் திருப்பி, அடிப்புறத்தில் தெளிப்பார்கள். வீட்டுக் குழந்தையின் காய்ச்சலுக்கு மாத்திரை போதும்.

நாற்று நட்டு ஏறக்குறைய 70 நாளில் முதல் தக்காளி பழுக்கும். அதைச் சமைப்பது அநாகரிகம். எட்டுக் கோணத்தில் படமெடுத்து உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். வாழ்த்துகள் வந்து முடிவதற்குள் அணில் அதைத் தின்றுவிடும். இயற்கை வேளாண்மையில் இயற்கையின் பங்கு அது.

அன்றைய ரசத்துக்குத் தக்காளி தெருமுனைக் கடையில் வாங்கப்படுகிறது. கறிவேப்பிலை கொசுறு.